ஜோடி மாறி ஆடும் இரட்டையர் போட்டி: அட்டவணையை நாமே போடலாம்

எட்டுப் பேர், இரண்டு ஷட்டில் கோர்ட், கையில் இரண்டரை மணி நேரம். ஜோடியை நிரந்தரமாகப் பிரித்தால் இரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் ஒரே பக்கம் சேர்ந்து போட்டியே சப்பென்று ஆகிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்டால் நியாயமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. எட்டுப் பேரில் ஒருவருக்கு ஏழு சுற்றிலும் ஏழு வேறு வேறு கூட்டாளி சீட்டிலேயே அமைவது சுமார் 163 தடவைக்கு ஒரு தடவைதான். மற்ற நேரமெல்லாம் யாரோ ஒருவருக்கு அதே ஆள் இரண்டு மூன்று முறை வந்துகொண்டிருப்பார், இன்னொருவரோடு சேரவே முடியாது.

நமக்கு வேண்டியது இரண்டே நிபந்தனை. ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருடனும் சரியாக ஒரு முறை ஜோடி சேர வேண்டும். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரையும் சரியாக இரண்டு முறை எதிர்த்து ஆட வேண்டும். ஒரு ஆட்டத்தில் கூட்டாளி ஒருவர், எதிராளிகள் இருவர் என்பதால்தான் இந்த ஒன்றுக்கு இரண்டு.

இதில் அழகைத் தாண்டிய பயன் ஒன்று உண்டு. ஜோடியின் பலம் என்பது இருவர் பலத்தின் கூட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு சுற்று முடிந்ததும் ஒருவரின் மொத்தப் புள்ளி வித்தியாசம் இப்படி வரும்: அவர் பலம் ஏழு மடங்கு, அதோடு மற்ற ஏழு பேர் பலமும் கூட்டாளிகளாக ஒரு மடங்கு, அதிலிருந்து எதிராளிகளாக அதே ஏழு பேர் பலம் இரண்டு மடங்கு கழிக்க வேண்டும். சுருக்கினால், அவர் பலத்தின் எட்டு மடங்கிலிருந்து எட்டுப் பேரின் மொத்தப் பலத்தைக் கழித்தது. பின்னது எல்லோருக்கும் பொது. ஆக, கடைசியில் வரும் வரிசை அவரவர் ஆட்டத்தை மட்டுமே அளக்கிறது. யாருக்கு நல்ல பார்ட்னர் வாய்த்தார் என்ற பேச்சுக்கே இடமில்லை. தனிநபர் பரிசு கொடுப்பதாக இருந்தால் இந்தச் சமநிலை கட்டாயம்.

எட்டுப் பேருக்கு

ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் 1 முதல் 8 வரை ஒரு எண் கொடுங்கள். ஒரு அட்டையில் வட்டம் வரைந்து, விளிம்பில் சம இடைவெளியில் 1 முதல் 7 வரை எழுதுங்கள். 8ஐ நடுவில் எழுதுங்கள். முதல் சுற்று இது:

8–7 எதிர் 4–5, 1–3 எதிர் 2–6

அடுத்த சுற்றுக்கு 8ஐத் தவிர எல்லா எண்ணோடும் ஒன்று கூட்டுங்கள். 7 வந்த இடத்தில் 1 வரும். இப்படி ஏழு முறை:

சுற்று 1: 8–7 எதிர் 4–5, 1–3 எதிர் 2–6
சுற்று 2: 8–1 எதிர் 5–6, 2–4 எதிர் 3–7
சுற்று 3: 8–2 எதிர் 6–7, 3–5 எதிர் 4–1
சுற்று 4: 8–3 எதிர் 7–1, 4–6 எதிர் 5–2
சுற்று 5: 8–4 எதிர் 1–2, 5–7 எதிர் 6–3
சுற்று 6: 8–5 எதிர் 2–3, 6–1 எதிர் 7–4
சுற்று 7: 8–6 எதிர் 3–4, 7–2 எதிர் 1–5

ஏன் வேலை செய்கிறது? ஏழு புள்ளி வட்டத்தில் இரண்டு எண்களுக்கு இடையே தூரம் 1, 2, 3 என மூன்றுதான் இருக்க முடியும். குறுகிய பக்கமாக எண்ணினால் 2க்கும் 6க்கும் இடையே தூரம் 3. முதல் சுற்றின் ஜோடிகளைப் பாருங்கள்: 4–5 தூரம் 1, 1–3 தூரம் 2, 2–6 தூரம் 3. மூன்று தூரமும் ஒவ்வொரு முறை. வட்டத்தைச் சுழற்றச் சுழற்ற, தூரம் 1 உள்ள ஏழு ஜோடியும் ஒவ்வொரு முறை வந்து போகும், 2ம் 3ம் அப்படியே. நடுவில் இருக்கும் 8 ஒவ்வொரு சுற்றிலும் புதிய ஆளோடு சேரும். எதிராளிகளின் தூரத்தை எண்ணினால் 1, 2, 3 மூன்றும் இரண்டிரண்டு முறை வரும். வேறு எண்களைப் போட்டு நீங்களே முதல் சுற்று அமைக்க விரும்பினாலும் இந்த இரண்டு எண்ணிக்கையும் சரியாக வருகிறதா என்று பார்த்தால் போதும். மீதியைச் சுழற்சி பார்த்துக்கொள்ளும்.

இதை அப்படியே 1, 2, 3 என்ற வரிசையில் ஆடாதீர்கள். 1ஆம் எண்காரரின் எதிராளிகளைப் பாருங்கள்: முதல் சுற்றில் 2, 6. அடுத்ததில் 5, 6. அதற்கடுத்து 3, 5. பிறகு 8, 3. பிறகு 8, 4. ஒரே எதிராளி பெரும்பாலும் அடுத்தடுத்த சுற்றிலேயே இரண்டாம் முறை வருகிறார். எல்லா எண்ணுக்கும் இதே கதை. இந்த முதல் சுற்றின் அமைப்பு அப்படி. கணக்குப்படி தவறில்லை, ஆனால் ஆடுபவர்களுக்கு “இப்போதுதானே இவரோடு மோதினோம்” என்று இருக்கும்.

மருந்து எளிது. 1, 3, 5, 7, 2, 4, 6 என்ற வரிசையில் ஆடுங்கள். ஒரே எதிராளி மறுபடி வர மூன்று அல்லது நான்கு சுற்று இடைவெளி கிடைக்கும். இன்னொரு லாபமும் இருக்கிறது. மழையோ கரண்ட் போனதோ மூன்றாம் சுற்றோடு நிறுத்த நேர்ந்தால், 1, 3, 5 ஆகிய மூன்று சுற்றில் யாருக்கும் எதிராளி திரும்பியிருக்க மாட்டார். ஒவ்வொருவரும் ஆறு வெவ்வேறு எதிராளிகளைச் சந்தித்திருப்பார்கள்.

கோர்ட்டையும் கவனியுங்கள். மேலே எழுதியபடி முதல் ஆட்டத்தை எப்போதும் முதல் கோர்ட்டில் வைத்தால் 8ஆம் எண்காரர் ஏழு சுற்றும் அதே கோர்ட்டில்தான் நிற்பார். ஒரு கோர்ட்டில் விளக்கு கண்ணில் அடித்தாலோ, திறந்தவெளியில் காற்று ஒரு பக்கமாக வீசினாலோ இது பெரிய வேறுபாடு. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று கோர்ட்டை மாற்றி எழுதுங்கள்.

எத்தனை பேருக்கு முடியும், எத்தனை பேருக்கு முடியாது

ஒரு ஆட்டத்துக்கு இரண்டு ஜோடி. எனவே மொத்த ஜோடிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால்தான் ஒவ்வொரு ஜோடியும் ஒரு முறை ஆடித் தீர்க்க முடியும். எட்டுப் பேருக்கு 28 ஜோடி, 14 ஆட்டம். ஒன்பது பேருக்கு 36 ஜோடி, 18 ஆட்டம். பத்துப் பேருக்கு 45, ஒற்றைப்படை. அங்கே முழுச் சமநிலை கிடையாது. 4இன் மடங்குக்கும் அதைவிட ஒன்று கூடிய எண்ணிக்கைக்கும்தான் சரிவரும்: 4, 5, 8, 9, 12, 13, 16, 17 என்று போகும். சீட்டாட்டத்தில் நால்வர் ஆடும் விஸ்டுக்காக அமெரிக்கக் கணித அறிஞர் இ. எச். மூர் 1896இலேயே இந்த அட்டவணைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்த வகை எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு என்பது 1970களில் நிறுவப்பட்டது. ஆகவே 20 பேர் வந்தாலும் “இருக்குமா” என்ற கவலை வேண்டாம்.

நான்கு பேர் என்றால் மூன்றே ஆட்டம்: 1–2 எதிர் 3–4, 1–3 எதிர் 2–4, 1–4 எதிர் 2–3. ஐந்து பேர், ஒரு கோர்ட் என்றால் முதல் சுற்றில் 5 வெளியே, 1–4 எதிர் 2–3. பிறகு எல்லா எண்ணோடும் ஒன்று கூட்டிக்கொண்டே போங்கள். 5க்குப் பின் 1. இங்கே நடுவில் யாரும் இல்லை, எல்லா எண்ணும் சுழலும். ஐந்து சுற்றில் ஒவ்வொருவரும் ஒரு முறை உட்காருவார்கள்.

ஒன்பது பேருக்கு

வட்டம் வேண்டாம். கட்டம் போடுங்கள்.

1 2 3
4 5 6
7 8 9

யார் வெளியே உட்காருகிறாரோ அவர் இருக்கும் வரிசையில் மீதி இருவர் ஒரு ஜோடி. அவர் பத்தியில் மீதி இருவர் அவர்களுக்கு எதிர் ஜோடி. அவர் வழியாகப் போகும் இரண்டு மூலைவிட்டங்களில் மீதி இருக்கும் இருவர் இருவர் அடுத்த கோர்ட்டில் மோதுவார்கள். 5 உட்கார்ந்தால்: 4–6 எதிர் 2–8, 1–9 எதிர் 3–7. கண்ணால் பார்த்தே எழுதிவிடலாம்.

மற்றவர்கள் உட்காரும்போது மூலைவிட்டம்தான் தடுமாற வைக்கும். விளிம்பைத் தாண்டிய கோடு மறுபக்கத்திலிருந்து தொடர்வதாகக் கொள்ள வேண்டும். குழம்பாமல் இருக்க மூலைவிட்டக் கோடுகள் ஆறையும் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இறங்குபவை 1-5-9, 2-6-7, 3-4-8. ஏறுபவை 3-5-7, 1-6-8, 2-4-9. 2 உட்கார்ந்தால் வரிசையில் 1–3, பத்தியில் 5–8. மூலைவிட்டத்தில் 6–7 எதிர் 4–9. அவ்வளவுதான். எந்த இரண்டு எண்ணை எடுத்தாலும் அவற்றைச் சேர்க்கும் கோடு ஒன்றே ஒன்று, அந்தக் கோட்டில் மூன்றாம் ஆளும் ஒருவரே. அவர் உட்காரும்போது மட்டும் அந்த இருவர் ஜோடி. அதனால்தான் எந்த ஜோடியும் இரண்டாம் முறை வராது. ஒன்பது சுற்று, ஒவ்வொருவருக்கும் எட்டு ஆட்டம், ஒரு ஓய்வு. தாமதமாக வருகிறேன் என்று சொன்னவர் முதலில் உட்காரட்டும்.

பன்னிரண்டு, பதின்மூன்று

மூன்று கோர்ட் வேண்டும். பன்னிரண்டு பேருக்கு 12 நடுவில், 1 முதல் 11 வரை வட்டத்தில். முதல் சுற்று: 12–11 எதிர் 7–10, 1–2 எதிர் 4–6, 5–9 எதிர் 3–8. பதினொரு சுற்று. இதில் எதிராளி அடுத்தடுத்து வரும் தொல்லை குறைவு. எழுதிய வரிசையிலேயே ஆடலாம்.

பதின்மூன்று பேருக்கு நடுவில் ஆள் இல்லை. முதல் சுற்றில் 13 வெளியே. 1–12 எதிர் 5–8, 2–11 எதிர் 3–10, 4–9 எதிர் 6–7. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 13 வருவதால் மனப்பாடமாகவே நிற்கும். பதின்மூன்று சுற்று என்பது ஒரு நாள் வேலை. அவ்வளவு நேரம் இல்லையென்றால் அட்டவணையின் முதல் சில சுற்றுகளை மட்டும் ஆடலாம். ஜோடி திரும்பாது. ஆனால் எதிராளிக் கணக்கு எல்லோருக்கும் சமமாக இருக்காது, அப்போது அதை வைத்துப் பரிசு கொடுக்காதீர்கள்.

பொருந்தாத எண்ணிக்கைகள்

நடைமுறையில் வருவது பெரும்பாலும் இவைதான்.

ஆறு பேர், ஒரு கோர்ட்: 15 ஜோடி என்பதால் முழுமை கிடையாது. முதல் ஆட்டம் 1–2 எதிர் 3–5. 4ம் 6ம் வெளியே. ஆறு எண்ணும் சுழலட்டும். ஆறு ஆட்டத்தில் ஒவ்வொருவரும் நான்கு ஆடி, இரண்டு முறை உட்காருவார்கள். நான்கு கூட்டாளியும் வெவ்வேறு ஆள். சேராமல் போவது வட்டத்தில் நேரெதிரே இருப்பவரோடு மட்டும்: 1–4, 2–5, 3–6. அவர்கள் ஒருவரை ஒருவர் இரண்டு முறை எதிர்த்து ஆடுவார்கள். இருப்பதிலேயே வலுவான இருவருக்கு 1, 4 எண்களைக் கொடுத்தால் அவர்கள் ஒரே பக்கம் சேரவே மாட்டார்கள். இங்கே சீட்டுக் குலுக்காமல் எண் கொடுப்பது நல்லது.

ஏழு பேர், ஒரு கோர்ட்: எட்டுப் பேர் அட்டவணையை எடுத்து, 8 இருக்கும் ஆட்டத்தை அடித்துவிடுங்கள். சுற்றுக்கு ஒரு ஆட்டம், மூவர் ஓய்வு. ஏழு சுற்றில் ஒவ்வொருவருக்கும் நான்கு ஆட்டம். எந்த இருவரும் சரியாக இரண்டு முறை ஒரே கோர்ட்டில் இருப்பார்கள். பக்கத்து எண்கள் மட்டும் ஜோடி சேராது. அந்த இரண்டு முறையும் எதிரெதிராகவே நிற்பார்கள். இதே தந்திரம் பதினொரு பேருக்கும் செல்லும்: பன்னிரண்டு பேர் அட்டவணையில் 12 இருக்கும் ஆட்டத்தை நீக்கினால் இரண்டு கோர்ட், ஒவ்வொருவருக்கும் எட்டு ஆட்டம், மூன்று ஓய்வு.

பத்துப் பேர், இரண்டு கோர்ட்: முதல் சுற்றில் 10ம் 3ம் வெளியே, 1–2 எதிர் 5–9, 6–8 எதிர் 4–7. பத்து எண்ணும் சுழலட்டும், பத்து சுற்று. ஒவ்வொருவருக்கும் எட்டு ஆட்டம், இரண்டு ஓய்வு. எட்டுப் பேரோடு ஒரு முறை ஜோடி, அதே எட்டுப் பேரை இரண்டு முறை எதிர்த்து ஆட்டம். ஐந்து எண் தள்ளி இருக்கும் ஒருவரை மட்டும் கோர்ட்டில் சந்திக்கவே மாட்டார்கள்: 1க்கு 6, 2க்கு 7, இப்படி. ஒரே வீட்டிலிருந்து வரும் அண்ணன் தம்பி, கணவன் மனைவி, தினமும் சேர்ந்து ஆடும் இருவர் ஆகியோருக்கு இந்த எண்களைக் கொடுத்துவிட்டால் யாருக்கும் குறை தெரியாது.

பதினாறு பேருக்கு முழு அட்டவணை 15 சுற்று. இரண்டு எட்டாகப் பிரித்து, ஏழு சுற்று முடிந்ததும் இரண்டிலும் முதல் இருவரை எடுத்து நால்வர் ஆட்டம் மூன்று வைப்பதே மேல்.

சரிபார்ப்பது

எழுதிய அட்டவணையை நம்பாதீர்கள், எண்ணிப் பாருங்கள். 8×8 கட்டம் போடுங்கள். மூலைவிட்டத்துக்கு மேல் பாதி ஜோடிக்கு, கீழ்ப் பாதி எதிராளிக்கு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேலே இரண்டு கோடு, கீழே நான்கு கோடு விழும். முடிவில் மேல் பாதியில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கோடு, கீழ்ப் பாதியில் இரண்டு கோடு இருக்க வேண்டும். ஏதாவது கட்டம் காலியாகவும் இன்னொன்று நிரம்பியும் இருந்தால், பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: நடுவில் நிற்க வேண்டிய 8ஐயும் சேர்த்துச் சுழற்றியிருப்பீர்கள், அல்லது 7க்குப் பிறகு 1 போட மறந்து 8 எழுதியிருப்பீர்கள்.

போட்டி நாளில் அட்டவணையைக் கெடுப்பது பெரும்பாலும் நல்லெண்ணம்தான். “இந்தச் சுற்று மட்டும் நான் அவரோடு ஆடுகிறேனே” என்று இருவர் இடம் மாற்றிக்கொண்டால் ஜோடிக் கணக்கும் எதிராளிக் கணக்கும் சேர்ந்தே கலையும். போட்டி தொடங்குமுன் இருவர் எண்ணையே மாற்றிக்கொள்வதில் தவறில்லை. தொடங்கிய பின் ஒரு சுற்றுக்குள் மாற்றம் கூடாது.

ஆட்டமும் புள்ளியும்

சுற்று மாறும்போது இரண்டு கோர்ட் ஆட்களும் கலப்பார்கள். எனவே ஒரு கோர்ட் முடிந்து இன்னொன்று இழுத்துக்கொண்டிருந்தால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். மூன்று கேம் வைக்காதீர்கள். ஒரே கேம், 21 புள்ளி. பேட்மின்டன் விதிப்படி 20–20 ஆனால் இரண்டு புள்ளி முன்னிலை வரும்வரை, அதிகபட்சம் 30 வரை போகும். இங்கே 21ஐ முதலில் தொடுபவர் வென்றார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுற்றுக்கு 20 நிமிடம் ஒதுக்கினால் ஏழு சுற்று 2 மணி 20 நிமிடம். ஒரே கோர்ட்தான் இருக்கிறது என்றால் 14 ஆட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும். 11 புள்ளி கேமாகக் குறையுங்கள்.

கேரம் இரட்டையருக்கும் இதே அட்டவணை பொருந்தும். 25 புள்ளி அல்லது எட்டு போர்டு என்ற முழு ஆட்டம் ஒரு சுற்றுக்கு அதிகம். சுற்றுக்கு நான்கு போர்டு வையுங்கள். நால்வருக்கும் ஒவ்வொரு முறை பிரேக் (முதல் அடி) கிடைக்கும். பிரேக் அடிப்பவருக்கு இருக்கும் சாதகம் அங்கேயே சமனாகிவிடும்.

புள்ளி எழுதும் தாளில் ஒவ்வொருவருக்கும் மூன்று பத்தி போதும்: வெற்றி, எடுத்த புள்ளி, கொடுத்த புள்ளி. 21–15 என்று முடிந்தால் வென்ற இருவருக்கும் +6, தோற்ற இருவருக்கும் −6. வரிசைப்படுத்த முதலில் வெற்றி, பிறகு புள்ளி வித்தியாசம், பிறகு எடுத்த புள்ளி. நேருக்கு நேர் முடிவை வைத்துச் சமனை உடைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இருவரும் இரண்டு முறை மோதியிருப்பதால் 1–1 என்று நிற்க வாய்ப்பு அதிகம், அதோடு ஒரு முறை சேர்ந்தும் ஆடியிருப்பார்கள். வித்தியாசமே நம்பகமானது. கூட்டலைச் சரிபார்க்க இரண்டு வழி: எட்டுப் பேரின் வெற்றிகளைக் கூட்டினால் 28 வர வேண்டும், வித்தியாசங்களைக் கூட்டினால் சுழி வர வேண்டும். வரவில்லையென்றால் ஒரு ஆட்டம் தவறாகப் பதிவாகியிருக்கிறது, பரிசை அறிவிக்காதீர்கள்.

நடுவில் ஒருவர் கால் பிசகி விலகினால் புதிதாக அட்டவணை போட முயல வேண்டாம். வெளியே நிற்கும் யாராவது அந்த எண்ணில் மிச்ச ஆட்டங்களை ஆடட்டும். அந்த எண்ணுக்கு மட்டும் தரவரிசை கிடையாது, கூட்டாளிக்கும் எதிராளிகளுக்கும் புள்ளி வழக்கம்போல் சேரும். மாற்று ஆள் இல்லையென்றால் அவர் இருக்கும் ஆட்டங்களை எல்லாச் சுற்றிலும், ஏற்கெனவே ஆடியவை உட்பட, கணக்கிலிருந்து நீக்குங்கள். மீதி ஏழு பேருக்கும் தலா நான்கு ஆட்டம் எண்ணிக்கையில் மிஞ்சும். யாருக்கும் கூடாது, குறையாது. இந்த ஏற்பாட்டை முதல் சர்வீஸ் போடுமுன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.